அருளப்பன் வராத இரண்டு மாதங்கள்

எங்கள் அலுவலகம் மாடியில் இருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு வாடகைக் கட்டடம். படி குறுகல், கைப்பிடி கிடையாது. யார் ஏறி வந்தாலும் சத்தத்தை வைத்தே ஆள் போலீஸ்காரரா, வக்கீல் குமாஸ்தாவா, பயந்துகொண்டே வருகிறவரா என்று சொல்லிவிடுவேன்.

அன்று காலை கேட்ட சத்தம் எனக்குப் பழக்கமில்லாதது. ஒரு கட்டை படியில் ஊன்றும். பிறகு ஒரு கால். பிறகு நீண்ட இடைவெளி. பத்துப் பதினைந்து படிகளை ஏற அந்த ஆளுக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

வாசலில் வந்து நின்றவர் ஜெயசீலன். தங்கச்சிமடத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டை முழுக்க வியர்வை. அக்குளில் ஊன்றுகோல். ஒரு வழக்கில் அடிபட்டவர் அவர். முழங்காலை உடைத்தது அவருடைய சொந்த அண்ணன் அருளப்பன். அருளப்பனைச் சிறைக்கு அனுப்பாமல் என் கண்காணிப்பில் விட்டிருந்தது நீதிமன்றம். ஒன்றரை வருடத்துக்கு முன் ஜெயசீலன் வீட்டில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இப்போது நேராகப் பார்த்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், எங்கண்ணன் ஓடிப்போகல. அங்கன ஜெயில்ல இருக்கான். அத எழுதிக்கிருங்க."

அங்கன என்று அவர் கை காட்டியது கடல் இருந்த பக்கம்.

அருளப்பன் இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போட வரவில்லை என்றும், முகவரியில் ஆள் இல்லை என்று தெரிகிறது என்றும் நீதிமன்றத்துக்குக் கடிதம் அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. எழுதியது நான். முகவரிக்கு நான் போகவே இல்லை.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார். "நீங்கள் காப்பாற்றியவர்களைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்களால் கெட்டவர்கள் யாருமே இல்லையா?" அவருக்கான பதில்தான் இந்த வாரம்.

அய்யாவுக்குப் புரியாத உத்தியோகம்

நன்னடத்தை அலுவலர் என்றால் என்ன வேலை என்று என் அய்யாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. அபிராமத்தில் மிளகாய் விவசாயம் அவருக்கு. களத்தில் காயப்போட்ட வத்தலைத் தள்ளிக்கொண்டே கேட்பார். "போலீசு பிடிக்குது, ஜட்ஜு தண்டிக்கிறாரு. நடுவுல நீ என்னத்தா செய்யிற?"

நான் விளக்குவேன். ஒருவர் முதல்முறையாகத் தப்பு செய்து, அது நிரூபணமும் ஆகிவிட்டது. அவரை உள்ளே தள்ளுவதா, பிணை எழுதி வாங்கிக்கொண்டு வெளியிலேயே திருந்த விடுவதா என்று நீதிபதி யோசிக்கிறார். அப்போது அவருக்கு அந்த ஆளைப் பற்றித் தெரிய வேண்டும். நான் வீட்டுக்குப் போவேன். அக்கம்பக்கத்தில், வேலை செய்த இடத்தில், அடிபட்டவர் வீட்டில் விசாரிப்பேன். நான்கு பக்கம் அறிக்கை எழுதுவேன். விட்டுவிட்டால் இரண்டு வருடமோ மூன்று வருடமோ அவரை மாதாமாதம் பார்த்துக்கொள்வேன்.

அய்யா கேட்டுவிட்டு, "அப்ப நீ எழுதுற எழுத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பார். பயமுறுத்தச் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

சிறை எப்படி இருக்கும் என்று பயிற்சிக் காலத்திலேயே பார்த்திருந்தேன். ஒரு மத்தியச் சிறையில் எங்களை ஒரு வாரம் வைத்திருந்தார்கள். பினாயில் வாசனையும் வெந்த அரிசி வாசனையும் கலந்த அந்தக் காற்று என் சேலையிலிருந்து போக நாளாயிற்று. பார்வையாளர் கூடத்தில் இரண்டு வரிசைக் கம்பிவலை. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள். யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது.

அங்கே ஒரு தாய் கத்தாமல் நின்றார். மகனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். அவன் சிரித்தான். பத்து நிமிடமும் அவ்வளவுதான். வெளியே வந்தபிறகு என்னவென்று கேட்டேன். "ஆடு மூணு குட்டி போட்டிருக்கு. வேற என்னத்தச் சொல்ல முடியும் இங்கன?" என்றார். சைக்கிள் திருட்டு வழக்கில் விசாரணைக் கைதி அவன். விசாரணை தொடங்கவே ஒன்றரை வருடம் காத்திருந்தவன்.

அன்று முதல், ஒருவரையாவது அந்த வலைக்கு அந்தப் பக்கம் போகாமல் தடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் வேலை பார்த்தேன். நன்றாகவும் பார்த்தேன். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

தங்கச்சிமடத்து வீடு

அருளப்பன் விசைப்படகு ஓட்டுநர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பன் கடலில் போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தி, தம்பிக்குக் கல்யாணம் முடித்து, ஒட்டினாற்போல் ஒரு வீடும் கட்டிக் கொடுத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

தகப்பன் போனதும் அருளப்பன் ஓட்டிய படகில்தான். வலையை இழுக்கும்போது கால் இடறி விழுந்திருக்கிறார். நல்ல காற்று. அருளப்பன் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியிருக்கிறார். படகில் வேறு ஐந்து பேர் இருந்தார்கள். டீசல் கரைவந்து சேரும் அளவுக்கு இறங்கியதும் படகைத் திருப்பினார். உடல் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் யாரும் பேசியதில்லை. பல வருடம் கழித்து, ஊர்க் கோயில் திருவிழா அன்று மத்தியானம், சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் முற்றத்தில் இருக்கும்போது, குடித்திருந்த ஜெயசீலன் அதைச் சொல்லிவிட்டார்.

"அப்பனக் கடல்ல விட்டுட்டு வந்தவந்தானே நீ."

அண்ணனும் குடித்திருந்தார். அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தார். ஒரே அடி. பிறகு அவரே தம்பியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்திருக்கிறார். முழங்கால் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் மடங்கவில்லை. ஜெயசீலன் அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை.

கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு. அருளப்பன் எதையும் மறுக்கவில்லை. அறிக்கை கேட்டு எனக்குக் கோப்பு வந்தது.

நான் போன நாளில் அந்தத் தெருவெல்லாம் மல்லிகை நாற்றுகளைக் கட்டுக் கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். ஈர மணல் வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து வந்தது. ஜெயசீலன் காலை நீட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேசியது அவர் மனைவி ரோஸ்லின்தான். புருஷனின் அண்ணனை உள்ளே போட வேண்டும், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த ஆளின் இருமல் சத்தம்கூடத் தனக்குக் கேட்கக் கூடாது என்றார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

தாய் மரியபுஷ்பம் அதுவரை பேசவில்லை. நான் செருப்பைப் போடும்போது கிட்டே வந்து ஒன்று கேட்டார்.

"பெரியவன உள்ள வச்சா சின்னவன் கால் நேராயிருமா மேடம்?"

நான் விடுவிக்கலாம் என்று எழுதினேன். ரோஸ்லின் சொன்னதையும் மறைக்காமல் எழுதினேன். நீதிபதி மூன்று வருடப் பிணையில் விட்டார். குடிக்கக் கூடாது, சண்டை சச்சரவு கூடாது, மாதத்தின் முதல் திங்கட்கிழமை என் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அருளப்பன் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறவில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. குடியை அடியோடு விட்டுவிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அவரை என் வெற்றி என்றே கணக்கில் வைத்திருந்தேன்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிலுக்கே அனுப்பியிருக்கலாம் மேடம்."

ஏன் என்று கேட்டேன். விடியற்காலையில் தம்பி எழுந்து கொல்லைக்குப் போகும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது என்றார். கட்டை ஊன்றும், காலை இழுக்கும், கட்டை ஊன்றும். தினமும் அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறாராம். ஜெயிலில் என்றால் ஒருநாள் முடிந்துவிடும், இது முடியாது என்றார்.

தம்பியிடம் பேசினீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொன்னேன். என் வேலையில் அப்படிச் சொல்வது சுலபம்.

சிறைக்குப் பதிலாக வேறு வழிகள் வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த வேறு வழி எவ்வளவு கனமானது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர் மாதாமாதம் பஸ் ஏறி வந்தார்.

பத்திரிகையில் வந்த பெயர்

இரண்டாவது வருடம் தொடங்கியதும் அருளப்பன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே செய்தித்தாளில் ஒரு செய்தியைப் பார்த்தேன். எல்லை தாண்டி மீன்பிடித்ததாக ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அது அடிக்கடி வரும் செய்தி. பெயர்ப் பட்டியலும் இருந்தது. அதில் ராசு என்று ஒரு பெயர். அருளப்பனை ஊரில் எல்லோரும் ராசு என்றுதான் கூப்பிடுவார்கள் என்று என் அறிக்கையின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். எனக்குப் பொறி தட்டவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அது ஆண்டு முடிவு. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய விவரங்கள் மலையாகக் கிடந்தன. தங்கச்சிமடம் போய்வர ஒரு நாள் ஆகும். போகவில்லை. வராதவர்களைப் பற்றி நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி எழுதினேன். முகவரியில் ஆள் இல்லை என்ற வரியை மட்டும் நானாகச் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் ஜெயசீலன் படியேறி வந்தார்.

கடிதத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ரோஸ்லின் படித்துச் சொல்ல, மறுநாளே ஜெயசீலன் புறப்பட்டுவிட்டார். படகில் இருந்த மற்றவர்களை அங்கே விடுதலை செய்துவிட்டார்கள். ஓட்டுநர் என்பதால் அண்ணனுக்கு மட்டும் ஆறு மாதத் தண்டனை. இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார்.

"உங்களுக்கு அண்ணன் மேல கோபம் போயிருச்சா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது வேற மேடம். அவன் ஓடுற ஆளு இல்ல."

அன்றே இரண்டாவது கடிதம் எழுதினேன். அவர் தலைமறைவாகவில்லை, வேறு நாட்டுச் சிறையில் இருக்கிறார், எனவே முந்தைய கடிதத்தின் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று. தபால் பதிவேட்டில் ஏற்றி அனுப்பினேன். அத்தோடு மனம் லேசாகிவிட்டது.

நீதிமன்றம் நான் நடந்தே போகக்கூடிய தூரம். அந்தக் கடிதம் கோப்பில் சேர்ந்ததா, அதற்குள் வாரண்டு போட்டிருந்தார்களா, போட்டிருந்தால் திரும்பப் பெற்றார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த மாதங்களிலும் பார்க்கவில்லை.

வேனும் ஜீப்பும்

அருளப்பனை விடுதலை செய்து விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேனில் ராமேஸ்வரம். அப்போது மரியபுஷ்பம் படுத்த படுக்கையாகியிருந்தார். ஈரலில் என்னவோ, மதுரைக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் எழுந்து உட்கார்ந்து தலைவாரிவிடச் சொன்னாராம். அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தது ரோஸ்லின்.

பாம்பன் பாலம் தாண்டினால் அக்காள்மடம், அதைத் தாண்டினால் தங்கச்சிமடம், அப்புறம்தான் ராமேஸ்வரம். வேன் வீட்டுத் தெருவைக் கடந்துதான் போனது. நடைமுறைப்படி முதலில் ராமேஸ்வரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள். சரி, அரை மணி நேரம்தானே என்று அருளப்பனும் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே ஒரு காவலர் பட்டியலைச் சரிபார்த்தார். அருளப்பன் பெயரில் ராமநாதபுரம் நீதிமன்றத்து வாரண்டு ஒன்று உயிரோடு இருந்தது.

அதே ரோட்டில், இப்போது போலீஸ் ஜீப்பில், மறுபடியும் தங்கச்சிமடத்தைக் கடந்தார். அம்மா சீக்காகக் கிடக்கிறது, ஐந்து நிமிடம் இறக்கி விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். நேரமாகிவிட்டது, திங்கட்கிழமை விட்டுவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்களாம். பின்னால் ஒரு மாதம் கையெழுத்துப் போட வந்தபோது இதை அவரே எனக்குச் சொன்னார்.

"வீட்டு ஓடு தெரிஞ்சுச்சு மேடம். வாசல்ல யாரோ நின்னாங்க. யாருன்னு தெரியல."

அன்று வெள்ளிக்கிழமை மாலை. வழக்கமான நீதிபதி விடுப்பில் இருந்தார். பொறுப்பில் இருந்தவருக்குக் கோப்பில் தெரிந்தது என்னுடைய முதல் கடிதம் மட்டும். இரண்டாவது கடிதம் வேறு காகிதக் கட்டுக்குள் கிடந்தது. திங்கட்கிழமை வரை கிளைச் சிறையில் வைக்க உத்தரவானது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் ஜெயசீலன் கூப்பிட்டார். குரல் சாதாரணமாக இருந்தது.

"அம்மா போயிருச்சு மேடம். அண்ணன் உங்க ஊரு ஜெயில்ல இருக்கான். கூட்டிட்டு வரணும்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அலுவலகத்தைத் திறந்து இரண்டு கடிதங்களின் நகல்களையும் தேடி எடுத்தேன். தபால் பதிவேட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பொறுப்பு நீதிபதி வீட்டுக்குப் போனேன். அவர் இரண்டு கடிதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். "இதை வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேனே அம்மா" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமை காலை அடக்கத்துக்குக் காவலோடு போய்வர அங்கேயே உத்தரவு எழுதினார். விடுதலை உத்தரவை நீதிமன்றம் கூடித்தான் போட முடியும்.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணலில் செருப்போடு நிற்க முடியவில்லை, உள்ளே மணல் புகுந்து சுட்டது. அருளப்பன் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன் அம்மாவின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழியில் இறக்கியபிறகு பிள்ளைகள் மண் போட வேண்டும். ஜெயசீலனால் குனிய முடியவில்லை. ஊன்றுகோல் மணலில் புதைந்து தடுமாறினார். அருளப்பன் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தம்பியின் கையில் வைத்தார். தம்பி போட்டார். பிறகு தனக்கு அள்ளிக்கொண்டார்.

காவலர்கள் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினார்கள். ரோஸ்லின் வேகமாக வந்து அவர்கள் முன்னால் நின்றார்.

"ஜெயில்லருந்து வந்தவரு வீட்டுக்குள்ளயே கால் வைக்கல. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு வரட்டும் சார்."

விட்டார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டில் நின்றேன். அருளப்பன் வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கூட்டிவர ஏற்பாடு செய்ததற்காக.

அந்த வாரண்டு என் கடிதத்தால் வந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் கைகூப்பினேன்.

கடைசிக் கையெழுத்து

அன்று மாலை அவரை விட்டுவிட்டார்கள். பிணையை மீறவில்லை என்று பிறகு உத்தரவும் ஆயிற்று. மிச்சக் காலம் முழுக்க, முதல் திங்கட்கிழமை தவறாமல் வந்தார். எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு மாதமும் இன்று சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். நோட்டை நீட்டுவேன், தேதியைக் காட்டுவேன், அவ்வளவுதான். முதல் திங்கட்கிழமை நெருங்கினால் எனக்குத் தூக்கம் கெடும். மேலதிகாரிகள் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கடைசி மாதம் வந்தது. கண்காணிப்புக் காலம் நல்லபடியாக முடிந்தது என்று கோப்பில் எழுதி, அவரிடம் படித்துக் காட்டினேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். வாரண்டுக்குக் காரணம் என் கடிதம், வீட்டுக்கு வந்து பார்க்காமலே எழுதினேன், அம்மாவை நீங்கள் பார்க்க முடியாமல் போனது என்னால், என்னை மன்னிக்க வேண்டும் என்று.

"அம்மாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கே தம்பி சொல்லிட்டான் மேடம்."

அப்படியானால் இத்தனை மாதமும் தெரிந்தேதான் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவர் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார்.

"நீங்க மன்னிப்புக் கேட்டுட்டீங்க மேடம். நான் இன்னும் தம்பிகிட்ட கேக்கல."

வாரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இனி அவர் வரவேண்டிய அவசியம் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.